குருட்டு ராஜாவின் பதக்கம்

அசையக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து உடம்பெல்லாம் அரிக்கிறது. மல்லாந்தே கிடக்க வேண்டும், குனியக் கூடாது, இருமக் கூடாது, தும்மக் கூடாது, கத்தவே கூடாது. இதையெல்லாம் சிவகாமி டாக்டரிடம் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வந்து, என்னைக் கட்டிலில் கிடத்தி, "சாயங்காலம் கட்டுப் பிரிக்கிற வரைக்கும் கல்லுப் பிள்ளையாராட்டக் கெடங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷனை வாயை மூடிக்கொண்டு ஓரிடத்தில் இருக்கவைக்க அவளுக்குக் கிடைத்த முதல் சந்தர்ப்பம், விடுவாளா. வலது கண்ணில் பஞ்சு, அதற்கு மேல் பிளாஸ்டர், அதற்கும் மேல் ஓட்டை ஓட்டையாக ஒரு மூடி. இடது கண் திறந்துதான் இருக்கிறது. அது திறந்திருந்தாலும் ஒன்றுதான், மூடியிருந்தாலும் ஒன்றுதான். ஜன்னல் பக்கம் ஒரு சாம்பல், மற்ற பக்கமெல்லாம் இன்னும் கொஞ்சம் கெட்டியான சாம்பல். கண் அழுத்தம் அதைச் சத்தமில்லாமல் தின்று முடித்துவிட்டது. ஆக, இருப்பது ஒன்று. அந்த ஒன்றில் புரை. புரையை எடுத்துவிடலாம், அது பெரிய காரியமில்லை, ஆனால் பின்னால் நரம்பு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது கட்டைப் பிரித்த பிறகுதான் தெரியும் என்றார் டாக்டர். காலையில் பச்சைத் துணிக்கு அடியில் நான் கிடந்தபோது, பக்கத்திலிருந்த நர்ஸ் எதையோ காட்டினாள் போல, அவர் "ம்ம்" என்றார். அந்த "ம்ம்" எதற்கு? பம்பு கம்பெனியில் பரிசோதனைப் பிரிவில் ஆயுசில் பாதியைக் கழித்தவன் நான். ஒரு ஷாஃப்டைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு நான் "ம்ம்" என்றால் அது கழிவுக் கூடைக்குப் போகிறது என்று அர்த்தம். நல்லதைப் பார்த்து யாரும் "ம்ம்" என்பதில்லை. நல்லதென்றால் பேசாமல் அடுத்ததை எடுப்போம்.

சரக், சரக். அதோ, மறுபடியும். பின்கட்டில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்திலிருந்து வருகிறது. முதலில் தேங்காய் துருவுகிறார்கள் என்று நினைத்தேன். தேங்காய்க்கு ஈரச் சத்தம் இருக்கும், இது வறண்ட சத்தம், பொடியை உலோகத்தின் மேல் வைத்துக் கட்டைவிரலால் தேய்க்கிற சத்தம். நடுவில் ஒன்றைக் கீழே வைக்கும்போது 'ணங்'. பித்தளை இப்படிப் பேசாது, எவர்சில்வர் இப்படிப் பேசவே பேசாது. வெள்ளி. திருநீறு போட்டு வெள்ளி விளக்குகிறார்கள். நாளை வெள்ளிக்கிழமை, ஆடி வேறு. குத்துவிளக்கு, சந்தனக் கிண்ணம், அர்ச்சனைத் தட்டு எல்லாம் வெளியே வந்திருக்கும். விளக்கட்டும், நல்லதுதான், எனக்கென்ன. எனக்கென்ன என்று சொல்லி முடிப்பதற்குள் காலையில் நடந்தது ஞாபகத்துக்கு வந்தது. காலையில் ஆஸ்பத்திரியில் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்று மோதிரத்தைக் கழற்றச் சொன்னார்கள், அரணாக்கொடியை அவிழ்க்கச் சொன்னார்கள். பனியன் பையில் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்ததையும் அந்த நர்ஸ் பெண் எடுத்து, எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுச் சிவகாமி கையில் கொடுத்தாள். அந்தப் பை எங்கே?

"சிவகாமி" என்று கூப்பிட்டேன், மெதுவாக, கண்ணுக்கு வலிக்காமல்.

"ஏனுங்க, தண்ணி வேணுங்களா?"

"வேண்டாம். ஆஸ்பத்திரியில கொடுத்தாங்களே, பை, அது எங்க வெச்சே?"

"உங்க மோதரமும் அரணாக்கொடியுந்தான? வெள்ளிச் சாமானத்தோட டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன், எங்கியும் ஓடிறாது. பூங்கொடி அதையெல்லாந்தான் வெளக்கீட்டு இருக்கறா. பேசாமக் கெடங்க சித்த நேரம்."

கதவு சாத்திக்கொண்டது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கைக்குட்டையை அவிழ்க்க வேண்டாம் என்று மருமகள் பூங்கொடியிடம் போய்ச் சொல்லு, அவ்வளவுதான், ஒரு வரி. அந்த ஒரு வரியைச் சொன்னால் அதில் என்ன இருக்கிறது என்பாள். என்ன இருக்கிறது என்று சொன்னால் தீர்ந்தது. ஏனென்றால் அது இந்த வீட்டில் இல்லை. போன வருஷமே ஒரு நாணயக் கண்காட்சியில் யாருக்கோ கொடுத்துவிட்டதாக அவளிடம் சொல்லியிருக்கிறேன். அது ஹனோவர் ராஜாவின் வெள்ளிப் பதக்கம். ஜெர்மனி ஒரே தேசமாக ஆவதற்கு முன்னால் அங்கே சின்னச் சின்னதாக நிறைய ராஜ்ஜியங்கள், ஒவ்வொரு ராஜாவும் தன் தலையை வெள்ளியில் அடித்து, நன்றாக உழைத்தவனுக்குச் சட்டையில் குத்திவிட்டிருக்கிறான். வனக்காவலனுக்கு, பள்ளிக்கூட வாத்தியாருக்கு, மணியடிக்கிறவனுக்கு. என் மேஜை இழுப்பறையில் பச்சைத் துணி மேல் சாக்ஸனி இருக்கிறது, பாடன் இருக்கிறது, வுர்ட்டெம்பெர்க் இருக்கிறது. "செத்துப்போன வெள்ளைக்காரன் தலையெல்லாம் சேத்து வெச்சு என்ன பண்ணப் போறீங்க, ஜெர்மன் சில்வரு பாத்திரக் கடையில கிலோக் கணக்குல கெடைக்குது" என்று சிவகாமி கேலி செய்வாள். எனக்குக் கம்பெனியில் கொடுத்தது ஒரு சுவர்க் கடிகாரம், அது மூன்றாம் மாசமே நின்றுபோனது. அதனாலேயே எவனோ ஒரு மணியடிக்கிறவனுக்கு ராஜா கொடுத்த வெள்ளி மேல் எனக்கு ஆசை வந்ததோ என்னவோ. ஆனால் முதன்முதலில் கிடைத்தது இந்த ஹனோவர்தான். பெரிய கடை வீதியில், உருக்கப் போட்டிருந்த பழைய கொலுசுக் குவியலுக்குள் கிருதா வைத்த ஒரு வெள்ளைக்காரன் படுத்துக் கிடந்தான். எப்படி வந்தான், எந்தப் பாதிரியார் பெட்டியில், எந்த எஞ்சினியர் பையில், ஒன்றும் தெரியாது. கொலுசு விலைக்கு எடுத்து வந்தேன். வருஷக்கணக்காக அவனை லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவன் என்னைப் பார்க்கவில்லை என்பது தெரியாமல். இடது கண் மங்க ஆரம்பித்த சமயத்தில்தான் ஒரு பழைய ஜெர்மன் கேட்லாக் கையில் கிடைத்தது. அகராதியை வைத்துக்கொண்டு வார்த்தை வார்த்தையாக உடைத்துப் படித்தேன். ஒரு வார்த்தைக்கு மட்டும் அகராதி தேவைப்படவில்லை, இங்கிலீஷிலும் அதே வார்த்தைதான், 'பிளைண்ட்'. குருடன். சின்ன வயசில் ஒரு கண் நோயில் போயிருக்கிறது, மற்றது விபத்தில். அப்புறம் ராஜ்ஜியமும் போயிற்று. ஒரு கண் நோயில். படித்துவிட்டு இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புத்தி கெட்டவன், அதை அப்படியே போய்ச் சிவகாமியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "மொதல்ல அந்தக் குருடனை வீட்டை விட்டு அனுப்புங்க" என்றாள். அனுப்பிவிட்டேன் என்றேன். அனுப்பவில்லை.

ஏன் அனுப்பவில்லை என்றால், பயம். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சனீஸ்வரனை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்பார்கள், சரி, ஆனால் அவருக்கு முதுகு காட்டுகிறோமா? சனிக்கிழமை தவறாமல் எள் விளக்குப் போடுகிறோம், அப்பா நீ அங்கேயே இரு, என்னைப் பார்க்காதே என்று. அதேபோலத்தான் இவனும். விற்றால் கோபித்துக்கொள்வான். இழுப்பறையில் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், நான் இல்லாமலா போகிறாய் என்பான். கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டால் ஒருவேளை, நம்மை மதிக்கிறானே என்று, ஒருவேளை. இது படித்தவன் யோசனையா? இல்லை. பயந்தவன் யோசனை. காலையில் அவனைக் கைக்குட்டையில் முடிந்து நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டபோது தைரியமாக இருந்தது, நர்ஸ் எடுத்துக்கொண்டு போனதும் தைரியமும் கூடவே போய்விட்டது. இப்போது சிவகாமியிடம் சொல்ல வேண்டுமென்றால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: கண் ஆபரேஷனுக்கு ஒரு குருடன் மூஞ்சியை மார்பில் கட்டிக்கொண்டு போனேன் என்று. சாயங்காலம் கட்டைப் பிரித்து அங்கே ஒன்றும் இல்லையென்றால்? அவள் டாக்டரைத் திட்டமாட்டாள், நரம்பைத் திட்டமாட்டாள். என்னைக் கூடத் திட்டமாட்டாள். கையைப் பிடித்துக் கக்கூசுக்குக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் ஒன்றும் பேசாமல் அதையே நினைத்துக்கொண்டு வருவாள். அந்தப் பேசாமையைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சரக், சரக், ணங். இப்போது கீழே வைத்தது கனமானது, குத்துவிளக்கின் பாதம். விளக்கு முடிந்தால் கிண்ணம், கிண்ணம் முடிந்தால் சின்னச் சாமான்கள். பூங்கொடி இந்த வீட்டுக்கு மருமகளாக வந்ததிலிருந்து எதையும் அரைகுறையாக விட்டதில்லை, அதுதான் பயமே. வேறு எவளாவது என்றால் கருத்துப்போன காசுதானே என்று ஒதுக்கி வைத்துவிடுவாள். இவள் கொலுசின் திருகாணியைக் கூடக் கழற்றி விளக்குகிறவள். அந்தக் கருப்பு எனக்கு என்ன என்று அவளுக்கு யார் சொல்வது? இழுப்பறையில் இருக்கிற ஒன்றைக் கூட நான் துடைத்ததில்லை. விளிம்பைப் பிடித்துத்தான் எடுப்பேன், முகத்தில் விரல் படவிட்டதில்லை. காற்று நூற்றைம்பது வருஷம் உட்கார்ந்து போட்ட கருப்பு அது. மேட்டில் தேய்ந்து, பள்ளத்தில் தங்கி, முடிக்கு முடி நிழல் கொடுத்து, வெறும் வெள்ளியை முகமாக ஆக்கி வைத்திருப்பதே அதுதான். அதைத் தேய்த்துப் போக்கினால் மிஞ்சுவது பூஜைத் தட்டு. போகட்டும், அது கூடப் போகட்டும், விலை போனால் போகிறது, நான் என்ன விற்கவா போகிறேன். விஷயம் வேறு. ராஜாவின் கழுத்தை வெட்டின மாதிரி முடித்திருக்கும் இடத்துக்குக் கீழே, அச்சுச் செதுக்கினவன் தன் பெயரை எறும்புக் கால் தடிமனில் வைத்திருக்கிறான். புரை முற்றுவதற்கு முன்னால் அதை நான் லென்ஸ் இல்லாமல் படித்தேன். அப்புறம் லென்ஸோடு. அப்புறம் லென்ஸோடும் இல்லை. கண்ணுக்குள் தூரப் பார்வைக்கு லென்ஸ் வைத்துவிடலாமா, படிக்கத்தான் கண்ணாடி போடுவீர்களே என்று டாக்டர் கேட்டபோது, இல்லை, கிட்டத்துக்கு வையுங்கள், தூரத்துக்குக் கண்ணாடி போட்டுக்கொள்கிறேன் என்றேன். எல்லோரும் பஸ் போர்டு தெரிய வேண்டும் என்பார்கள், நீங்கள் ஒருத்தர்தான் இப்படி என்றார். அவருக்கு எப்படித் தெரியும், நான் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டேன் என்று. கட்டைப் பிரித்ததும் முதலில் பார்க்க வேண்டியது அந்த எழுத்து. அது தெரிந்தால் கண் இருக்கிறது. தெரியாவிட்டால் இல்லை. பரிசோதனை என்றால் அளவுகோல் ஒன்று வேண்டும், அது தேயாமல் இருக்க வேண்டும், இது முதல் பாடம். அங்கே என் அளவுகோலைத் திருநீறு போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். பள்ளத்தின் கருப்பு போய்விட்டால் அந்த எழுத்து எங்கே தெரியும், வெள்ளி மேல் வெள்ளி. அப்போது ஒன்றும் தெரியவில்லையென்றால் அது எது? போனது கருப்பா, கண்ணா? யாரைக் கேட்பேன்?

எழுந்து போனால் என்ன. பத்தடிதான், சுவரைப் பிடித்துக்கொண்டு. எழுந்தால் தலை சுற்றும், சுற்றினால் விழுவேன், விழுந்தால் உள்ளே வைத்த லென்ஸ் நகர்ந்துவிடும். அந்த ராஜாவுக்கும் நோயில் ஒன்றுதானே போயிற்று, இரண்டாவது விபத்தில். விபத்தில். படு, அசையாதே. அடுப்படியில் எண்ணெய் காய்கிற வாசனை வருகிறது. ஐயோ, மிளகாய் கிள்ளிப் போடப் போகிறாளா? போட்டுவிட்டாள். கதவிடுக்கு வழியாக அந்தக் காரம் சாவகாசமாக நடந்து வந்து மூக்கின் நுனியில் உட்காருகிறது. தும்மக் கூடாது. வாயால் மூச்சு விடு. மேலுதட்டை அழுத்திப் பிடி. இப்படித்தானா ஒரு மனுஷனின் பார்வை போகும், புளிக்குழம்புத் தாளிப்பில்? தும்மல் வந்து, வாசலில் நின்று, யோசித்து, திரும்பிப் போயிற்று. உடம்பு முழுக்க வேர்த்துவிட்டது. பயமாக இருக்கிறது, சொல்லிவிட்டேன், வாய்விட்டே சொல்லிவிட்டேன், மின்விசிறியைத் தவிர யாரும் கேட்கவில்லை. குருடனானால் என்ன செய்வேன்? இழுப்பறையைத் திறந்து ஒவ்வொன்றாகத் தடவுவேன். இது சாக்ஸனி, இது பாடன். அவனும் அப்படித்தானே செய்திருப்பான்? புதிதாக அச்சடித்த தன் முகத்தைக் கொண்டுவந்து யாரோ கையில் கொடுத்திருப்பார்கள், கட்டைவிரலால் மூக்கைத் தடவி, கிருதாவைத் தடவி, நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லியிருப்பான். வேறென்ன சொல்வான், ராஜா ஆயிற்றே. செதுக்கினவன் அவனுக்குக் கண்ணைத் திறந்தே வைத்திருக்கிறான், அதுவும் கண் பாப்பாவோடு. அதைத் தடவியபோது அவனுக்கு என்ன தோன்றியிருக்கும்? அந்த ஆளைப் போய்ச் சனி என்று நினைத்தேனே. அவனும் ஒரு நாள் ஒரு கட்டிலில் மல்லாந்து கிடந்திருப்பான், கண்ணில் துணியோடு, யாரோ வந்து பிரிப்பார்கள் என்று. அசையாதீர்கள் என்று அவனுக்கும் சொல்லியிருப்பார்கள்.

சத்தம் நின்றுவிட்டது. எப்போது நின்றது? நான் கவனிக்கவில்லை. குழாய்த் தண்ணீர் விழுகிறது, அலசுகிறாள். ஜன்னல் பக்கத்துச் சாம்பல் கொஞ்சம் பழுத்திருக்கிறது, வெயில் இறங்குகிறது போல. கதவு திறந்தது, இரண்டு பேர் காலடி. சிவகாமி கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்திருக்கிறாள், வாசனை வருகிறது. தலையணையைச் சரிசெய்து என்னை உட்காரவைத்தாள்.  கட்டில் விளிம்பில் இன்னொருத்தி உட்கார்ந்தாள், திருநீறு வாசனையோடு.

"மாமா, உங்க கைக்குட்டைக்குள்ள ஒரு காசு கெடந்துச்சுங். கன்னங்கரேர்னு இருந்துச்சு, யாரு மொகம்னே தெரியல. ரெண்டு தடவ திருநீறு போட்டு வெளக்கிட்டேன், இப்பப் பாருங்க, பளபளன்னு" என்று என் உள்ளங்கையில் வைத்தாள்.

ஈரம். தண்ணீரின் சில்லிப்பு. விளிம்பை நகத்தால் சுற்றிப் பார்த்தேன், அதில் பொறித்த, பதக்கம் வாங்கினவனின் பெயர் எழுத்தெழுத்தாக நகத்தில் தட்டுகிறது. அவன்தான். சிவகாமியின் கை என் கன்னத்துக்குப் பக்கத்தில், பிளாஸ்டரின் ஓரத்தில், அப்படியே நின்றது. அவளுக்கு அந்த முகத்தை நன்றாகத் தெரியும்.

"இவனா?" என்றாள்.

  பதிலுக்குக் காத்திராமல் மூடியை எடுத்தாள், பிளாஸ்டரை ஓரத்திலிருந்து உரித்தாள், பஞ்சு இமையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. "தொறங்க" என்றாள், குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. திறந்தேன். வெள்ளை. எங்கும் வெள்ளை, வெந்நீர் ஊற்றியது போல. கண்ணீர் கொட்டியது. குனியாமல் கையை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டேன், விளிம்பைப் பிடித்து, பழக்கம் போகுமா. கையில் ஒரு வெள்ளை வட்டம், ட்யூப் லைட்டை முழுசாக வாங்கிக்கொண்டு எரிகிறது. முகம் இல்லை. கிருதா இல்லை. கழுத்துக்குக் கீழே ஒன்றுமே இல்லை. திருப்பினேன், சாய்த்தேன், எங்கும் வெறும் வெளிச்சம். போயிற்று என்று நினைத்தேன். எனக்குள் ஒரு பள்ளம் திறந்து நான் அதற்குள் விழுந்துகொண்டே இருந்தேன். என் பிடி தளர்வதைப் பார்த்துப் பூங்கொடி, பதக்கம் கீழே விழுந்துவிடப் போகிறதென்று கையை நீட்டி என் கையைத் தாங்கினாள்.

அவள் கட்டைவிரல். நகத்தைச் சுற்றிலும் கருப்பு. விரல் நுனியில், ரேகைக்குள் ரேகையாக, மையிட்டு ஒற்றியெடுத்தது போலக் கருப்பு. நடுவில் சின்னச் சுழி, அதைச் சுற்றி அடுத்த வரி, அதைச் சுற்றி அடுத்தது, ஓரத்தில் ஒரு வரி இரண்டாகப் பிரிந்து போகிறது, குறுக்கே பழைய அரிவாள்மனைத் தழும்பு ஒன்று வெட்டிப் போகிறது. இந்தப் பெண்ணுக்குக் கட்டைவிரலில் தழும்பு இருக்கிறதென்று எனக்கு இன்று வரைக்கும் தெரியாது. நூற்றைம்பது வருஷக் கருப்பும் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. ஒரு வரி விடாமல் தெரிகிறது. எறும்புக் கால் தடிமனில் தெரிகிறது.

"என்னுங்க, ஏதாச்சும் சொல்லுங்க. தெரியுதுங்களா?" என்று சிவகாமி என் தோளைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்கிறாள். தெரிகிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அழக் கூடாது என்று டாக்டர் சொன்னாரா, ஞாபகமில்லை. மாமா எதற்கு அழுகிறார் என்று தெரியாமல், ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று பூங்கொடி பயந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டு எழுந்தாள். "அழுக்குக் கைங் மாமா, கழுவிட்டு வந்தர்றேன்."

"கழுவாத கண்ணு" என்றேன். "சித்த நேரம் இப்படியே உக்காரு."